பிரசவ வலி: திருப்பி அனுப்பினால் காரணம் கேளுங்கள்

"இந்தியர் என்பதால்தான் நம்மைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்." பிரசவம் பார்க்கப் போன நம் குடும்பங்களில் இந்த மனக்குமுறலை நீங்களும் கேட்டிருப்பீர்கள். வலி என்று பெண்ணை அழைத்துப் போகிறார்கள். மிஸ்ஸி பார்த்துவிட்டு, "பெலும் லாகி, பலேக் டூலு" என்கிறார். வேறு விளக்கம் இல்லை. அவமானமும் பயமுமாக வீடு திரும்புகிறார்கள்.

இந்தக் குமுறலை அலட்சியம் செய்ய முடியாது. ஆனால் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். திருப்பி அனுப்புவது வேறு. விளக்கம் சொல்லாமல் திருப்பி அனுப்புவது வேறு. முன்னதற்கு மருத்துவக் காரணம் இருக்கலாம். பின்னதற்கு எந்த நியாயமும் இல்லை.

முதலில் மருத்துவத்தைப் பார்ப்போம். பிரசவ வலி தொடங்கியதும் கருப்பை வாய் மெதுவாகத்தான் திறக்கும். தலைச்சன் பிள்ளைக்கு இந்த ஆரம்பக் கட்டம் பல மணி நேரம் இழுக்கும். உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, 5 சென்டிமீட்டர் திறந்த பிறகே தீவிரக் கட்டம் தொடங்குகிறது. அதன் பிறகு முழுமையாகத் திறக்க, முதல் பிரசவத்தில் பொதுவாக 12 மணி நேரத்துக்கு மேல் ஆகாது. அடுத்த பிரசவங்களில் 10 மணி நேரம். ஆரம்பக் கட்டத்துக்கு மட்டும் இத்தனை மணி நேரம் என்ற கணக்கே இல்லை.

ஆரம்பக் கட்டத்திலேயே வார்டில் சேர்ந்தவர்களுக்கு, வலியைக் கூட்டும் மருந்தும் அறுவைச் சிகிச்சையும் அதிகம் நடப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சிக்கலான பிரசவம் உள்ளவர்கள் முன்கூட்டியே வருவதும் இதற்கு ஒரு காரணம். கட்டிலில் படுத்ததுமே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுவது இன்னொரு காரணம். இயற்கையான தாமதமும் அங்கே கோளாறாகத் தெரிகிறது. தாயும் சேயும் நலமாக இருந்தால், 5 சென்டிமீட்டருக்கு முன் வலியைத் துரிதப்படுத்த வேண்டாம் என்கிறது அதே வழிகாட்டி. முதல் பிள்ளைக்கு வயிற்றைக் கிழித்தால், அடுத்த கர்ப்பத்திலும் அந்தத் தழும்பைக் கவனித்தே ஆக வேண்டும்.

ஆகவே வீட்டில் காத்திருப்பது சில வேளைகளில் நன்மையே. ஆனால் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 5 சென்டிமீட்டர் ஆகாதவர்களைச் சேர்க்கவே கூடாது என்று அந்த வழிகாட்டி சொல்லவில்லை. சேர்ப்பதைத் தள்ளிப்போடுவதை ஆய்வுச் சூழலில் மட்டுமே அது பரிந்துரைக்கிறது. "இன்னும் திறக்கவில்லை" என்பது மட்டும் ஒரு தாயை வெளியே அனுப்பப் போதுமான காரணம் ஆகாது.

மறுபக்கம் தாமதம். தாய்மார்கள் ஏன் இறக்கிறார்கள் என்று ஆராய்ந்தவர்கள், 1994-இல் மூன்று தாமதங்களைச் சொன்னார்கள்: முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்த பின் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். நம் நிலையோடு பொருத்திப் பாருங்கள். தோட்டத்தில் இருந்தபோது லயத்தில் அக்கம்பக்கம் உறவுகள் இருந்தன. கூப்பிட்டால் டிரசர் வருவார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு அடுக்குமாடி வீடுகளுக்கு வந்துவிட்டோம். இன்று கணவர் இரவு ஷிப்டில் இருக்கிறார். மனைவி தனியாக வலியை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

அடையாள ஆவணம் இல்லாத நம் தாய்மார்களின் நிலை இன்னும் கொடுமை. இந்த மண்ணிலேயே பிறந்திருந்தும், வெளிநாட்டவர் கட்டணம் கேட்பார்களே என்று அஞ்சிக் கடைசி நிமிடம் வரை வீட்டிலேயே இருக்கிறார்கள். அம்மா, முதலில் உயிர், பிறகு பில். உடனே போங்கள். அரசு மருத்துவமனைகளில் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவு உண்டு. பணப் பிரச்சினையை அவர்களிடம் சொல்லுங்கள்.

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டில் காத்திருக்கக் கூடாது:

- பனிக்குடம் உடைந்தால். நீர் பச்சையாக இருந்தால் இன்னும் அவசரம்
- இரத்தம் போனால்
- பிள்ளையின் அசைவு குறைந்தால்
- கடும் தலைவலி, கண் மங்கல், வலிப்பு
- 37 வாரத்துக்கு முன் வலி வந்தால்
- முன்பு அறுவைச் சிகிச்சை, இரட்டைப் பிள்ளை, தலைகீழாகத் திரும்பாத பிள்ளை, இரத்த அழுத்தம் இருந்து வலி தொடங்கினால்

ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் திருப்பி அனுப்பினார்கள் என்றாலும் மீண்டும் போங்கள். வண்டி இல்லையென்றால் 999-ஐ அழையுங்கள். கர்ப்பப் பதிவுப் புத்தகத்தில் வர்ணக் குறி இருக்கும். அதன் அர்த்தத்தை ஒவ்வொரு முறையும் கிளினிக்கில் கேளுங்கள்.

இவை எதுவும் இல்லாத தலைச்சன் பிரசவம் என்றால், வலி 5 நிமிடத்துக்கு ஒரு தடவை, சுமார் ஒரு நிமிடம் நீடித்து வரும்போது கிளம்பலாம். அடுத்த பிள்ளை வேகமாக வரும்; வலி ஒழுங்காக வரத் தொடங்கியதுமே கிளம்புங்கள். வீடு தூரம் என்றால் அதற்கும் முன்பே.

"பலேக் டூலு" என்றால், புறப்படுமுன் கேளுங்கள்: எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது? பிள்ளையின் இதயத் துடிப்பு எப்படி? எந்த அறிகுறி வந்தால் திரும்ப வர வேண்டும்? எந்த எண்ணுக்கு அழைக்கலாம்? மலாய் சரளமாக வராத பாட்டிக்கும் ஒரு வாக்கியம் போதும்: "பிலா சாயா பெர்லு டத்தாங் செமூலா?" பதில் சொல்லாமல் விரட்டினால் தேதி, நேரம், வார்டு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு எழுத்து மூலம் புகார் செய்யுங்கள். வாய்ப் பேச்சு காற்றோடு போகும்.

கணவன்மார்களே, தீபகற்பத்தில் 2023 முதல் தனியார் துறையிலும் 7 நாள் தந்தையர் விடுப்பு சட்டப்படி உண்டு. அதே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும். 30 நாள் முன்பே தெரிவிக்க வேண்டும். இன்றே கடிதம் கொடுங்கள்.

நம் கோரிக்கை பெரிதல்ல. ஒவ்வொரு அரசு மகப்பேறு வார்டிலும், எப்போது திரும்ப வர வேண்டும் என்று தமிழில் அச்சிட்ட ஒரு தாள். தாய் விரும்பும் ஒருவர் பிரசவ அறையில் அவளோடு இருக்க அனுமதி. இரண்டாவதை உலகச் சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது. உங்கள் வட்டார சட்டமன்ற உறுப்பினரிடம் இவற்றை மனுவாகக் கொடுங்கள். நாம் கேட்காமல் யார் கேட்பார்கள்?