பாலிஷ்னா தேய்க்கிறதுதான், ப்ரோ

ஒரகடம் ஜங்ஷன் பக்கம் அரை நாள் காரை நிறுத்திட்டு வந்து பாருங்க. டிப்பர் லாரி கிளப்பிவிட்ட தூசி பானெட் முழுக்கப் படிஞ்சிருக்கும். உடனே காய்ஞ்ச துணிய எடுத்துத் தொடைக்கிறோம் பாருங்க, அங்கதான் பிரச்சினையே. அது வெறும் தூசி இல்ல, கல்லுத் தூள். வெயில்ல சிலந்தி வலை மாதிரி தெரியுற கோடெல்லாம் அந்தத் துணியோட வேலை.

அப்புறம் டீடெய்லிங் கடை. "ஸ்க்ராட்ச் ஃபுல்லா போயிடும் ப்ரோ." போகும்தான். ஆனா கீறலை யாரும் நிரப்புறதில்ல. அதைச் சுத்தி இருக்குற கிளியர் கோட்டைத் தேய்ச்சு, கீறலோட ஆழத்துக்கு இறக்குறாங்க. அந்த கிளியர் கோட் மொத்தமே சுமார் 40-50 மைக்ரான்தான். தலைமுடியை விட மெல்லிசு! இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் மாதிரி தொழிற்சாலைல ஈ-கோட், பிரைமர், பேஸ் கோட், அதுக்கு மேல இதுன்னு அடுக்கடுக்கா அடிச்சு ஓவன்ல சுட்டு எடுத்தது. தேய்ச்சது தேய்ச்சதுதான், திரும்ப வளராது.

அதனால ஒவ்வொரு சர்வீஸுக்கும் பாலிஷ் போடுறது வீண்செலவு மட்டுமில்ல, இஎம்ஐ கூட முடியாத அப்பாவோட காரை நாமளே காசு கொடுத்துத் தேய்க்கிறது. செராமிக் கோட்டிங் போட்டா கழுவுறது சுலபம், ஒத்துக்கிறேன். ஆனா கல்லடி தாங்காது. (அவங்க சொல்ற 9எச், பென்சில் கணக்கு. வைரத்தோட கணக்கு இல்ல!)

முதல்ல தண்ணிய அடிச்சு மண்ணை இறக்குங்க. ஷாம்புக்கு ஒரு பக்கெட், துணி அலச இன்னொன்னு. அதுக்கு மேலயும் பாலிஷ் வேணும்னா, பெயின்ட் தடிமனை மீட்டர் வச்சு அளந்து காட்டச் சொல்லுங்க. மீட்டர் இல்லைன்னு சொன்னா, வாட்டர் வாஷ் மட்டும் பண்ணிட்டு வந்துடுங்க.