நர்சு அழலாமா?

"நர்சு வேலைக்குக் கல் மனம் வேண்டும்" என்று சொல்பவர்கள் உண்டு. மகளை நர்சு படிப்புக்கு அனுப்பும் தாய்மார்கள் இதை எண்ணித்தான் கலங்குகிறார்கள். "என் பெண் கோழியை அறுத்தாலே கண்ணை மூடிக்கொள்வாள். மனிதர் சாவதை எப்படிப் பார்ப்பாள்?" என்கிறார்கள்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் கல் மனம் வேண்டும் என்பது தவறு!

உயிருக்குப் போராடுகிறவர்களை வைத்துக் காப்பாற்றும் இடம், தீவிர சிகிச்சைப் பிரிவு. இது பிறந்த கதையே சாவோடு நடந்த மல்லுக்கட்டுதான். 1952-ல் டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவியது. மூச்சுத் தசைகள் செயல் இழந்து, முதல் மூன்று வாரத்தில் வந்த 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். பிஜோர்ன் இப்சன் என்ற டாக்டர் ஒரு வழி சொன்னார். தொண்டையில் துளையிட்டு, குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்தினார்கள். மாணவர்கள் முறை போட்டு இரவு பகலாக அமுக்கினார்கள். பல உயிர்கள் பிழைத்தன. மறு ஆண்டே இத்தகைய நோயாளிகளுக்கு இப்சன் தனிப் பிரிவு தொடங்கினார்.

இன்று பையை அமுக்க எந்திரம் இருக்கிறது. எந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பது யார்? நர்சுதான். நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பவர் அவர். உலர்ந்த வாயை நனைப்பவர் அவர். வெளியே காத்திருக்கும் மனைவிக்குப் பதில் சொல்பவரும் அவர். நாலு நாள் இப்படிக் கவனித்த நோயாளி, ஐந்தாம் நாள் கண்ணை மூடிவிடுகிறார். சற்று நேரத்தில் அந்தக் கட்டிலுக்கு அடுத்த நோயாளி வந்துவிடுகிறார்!

10-ம் கட்டில் ஈரல்

மனதைக் கல்லாக்கினால் என்ன ஆகும்? லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் இசபெல் மென்சீஸ் என்ற பெண் ஆராய்ந்து, 1960-ல் எழுதினார். அங்கே நோயாளியைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. "10-ம் கட்டில் ஈரல்" என்பார்கள்! பாசம் வைக்கக் கூடாதாம். நர்சுகளை வார்டுக்கு வார்டு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். பலன்? பயிற்சிக்கு வந்த பெண்களில் மூன்றில் ஒரு பங்கினர் படிப்பை முடிக்காமலே போனார்கள்.

கல்லாகச் சொன்னால், மனம் கல்லாகி விடுவதில்லை. அது உள்ளுக்குள் புழுங்குகிறது.

சுபாவம் பலவிதம். ஒருத்தி ஓரமாகப் போய் அழுது, முகம் கழுவி, அடுத்த கட்டிலுக்கு வருவாள். இன்னொருத்தி கண் கலங்கவே மாட்டாள். வீட்டுக்குப் போனால் தூக்கம் வராது. "நான் கவனிக்காததால்தான் செத்தாரோ?" என்று தன்னையே குடைவாள். முதல் பெண்ணைப் பார்த்து, "இவள் தாங்கமாட்டாள்" என்பார்கள். அதிகம் கவலைப்பட வேண்டியது இரண்டாம் பெண்ணைப் பற்றித்தான்!

அமெரிக்காவில் சுசான் கோபாசா என்பவர் 1979-ல் கம்பெனி அதிகாரிகளை ஆராய்ந்தார். வேலையில் பிடிப்பு, "என் கையிலும் ஏதோ இருக்கிறது" என்ற நம்பிக்கை, மாறுதலுக்கு அஞ்சாத குணம் ஆகியவை உள்ளவர்கள் நெருக்கடியிலும் நோயில் விழுவது குறைவு என்றார். பிறகு நர்சுகளிடமும் இதைப் பார்த்தார்கள். அழுகை வருமா வராதா என்பது இந்தக் குணங்களில் இல்லை, பாருங்கள்! உயிரைக் காக்க முடியாவிட்டாலும், வலி இல்லாமல் போகச் செய்தேன் என்று நினைக்கத் தெரிந்தவள் மறுநாளும் வேலைக்கு வருவாள்.

ஆனால் எல்லாவற்றையும் அவள் சுபாவத்தின் தலையில் போட்டுவிட்டு நிர்வாகம் கை கழுவலாமா? கூடாது. பத்துப் பேர் செய்யும் வேலையை ஐந்து பேருக்குக் கொடுத்தால் எந்தச் சுபாவமும் உடையும்.

அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆஸ்பத்திரியின் ஆண் நர்சு ஜோனதன் பார்டெல்ஸ் ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தார். நோயாளி இறந்ததும், டாக்டர், நர்சு எல்லோரும் கட்டிலைச் சுற்றி ஒரு நிமிடம் பேசாமல் நிற்கிறார்கள். "இவர் ஒரு குடும்பத்தின் அன்புக்கு உரியவர்" என்று நினைக்கிறார்கள். பிறகு அடுத்த வேலை. வேறு பல ஆஸ்பத்திரிகளும் இதைப் பின்பற்றுகின்றன. இதற்குப் பணம் வேண்டாம், எந்திரம் வேண்டாம். அந்த ஒரு நிமிடத்தில் அழுகிறவளும் நிற்கலாம், அழாதவளும் நிற்கலாம்.