மலையைக் குடைந்தவர்களுக்குக் கணக்கு உண்டா?

வேளாங்கண்ணியிலிருந்து திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை வழியாக எர்ணாகுளம் செல்லும் விரைவு ரயில், செங்கோட்டையைக் கடந்ததும் மேற்குத் தொடர்ச்சி மலைக்குள் நுழைகிறது. பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் இடையே அது கடக்கும் சுரங்கம், 1904இல் திறக்கப்பட்ட கொல்லம் - செங்கோட்டைப் பாதையைச் சேர்ந்தது. பாதை போட்ட கம்பெனியின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. பாறையை உடைத்தவர்களுக்கு அதில் ஒரே பெயர்தான்: கூலிகள்.

இன்று நிலைமை எவ்வளவு மாறியிருக்கிறது? 2025 ஜூனில் காஷ்மீர் ரயில் பாதை திறக்கப்பட்டது. அதில் 12.77 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் ஒன்று உண்டு. பெருமைப்பட வேண்டிய சாதனைதான். ஆனால், எந்த மலையைக் குடைந்தாலும் பாறைத் தூசி பறக்கும். அதிலுள்ள சிலிக்கா நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ் வரும். அதைக் குணமாக்க மருந்து இல்லை.

இழப்பீட்டுக்குரிய தொழில் நோய் என்று சட்டம் இதை ஏற்கிறது. ஆனால், நோய் தெரியவரப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் ஒப்பந்தக்காரர் அடுத்த வேலைக்குப் போயிருப்பார். அங்கே வேலை பார்த்ததற்குத் தொழிலாளி கையில் ஒரு துண்டுச் சீட்டும் இல்லையென்றால், சட்டம் இருந்து என்ன பயன்?

டெல்டாவில் இருக்கும் நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். அறுவடை இயந்திரம் வந்தபின் வயல் வேலை சுருங்கிவிட்டது. நிலமில்லாத தலித் குடும்பங்களின் பிள்ளைகள் மேஸ்திரியின் வாய்ச்சொல்லை நம்பி வெளியூர் கட்டுமான வேலைக்குப் போகிறார்கள். பண்ணையில் கணக்குக் கேட்க முடியாதிருந்த நிலை, ஒப்பந்த வேலையிலும் தொடரக் கூடாது.

வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்த அம்பேத்கர், 1943 டிசம்பரில் தன்பாத் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் தாமே இறங்கிப் பார்த்தார். 1944 ஜனவரியில் சுரங்கத் தொழிலாளர் நல நிதிக்கான அவசரச் சட்டம் வந்தது. அந்த அக்கறைதான் இன்றும் தேவை.

பாறை குடையும் ஒவ்வொருவருக்கும் பணிச் சான்று, ஆண்டுதோறும் நுரையீரல் பரிசோதனை, வேலை முடிந்த பின்னும் தொடரும் மருத்துவக் கண்காணிப்பு. இவற்றை ஒப்பந்தத்திலேயே ரயில்வே கட்டாயமாக்க வேண்டும். கொங்கண் ரயில் பாதைப் பணியில் உயிரிழந்தவர்களுக்கு ரத்னகிரியில் நினைவுச் சின்னம் இருக்கிறது. நல்லதுதான். ஆனால், உயிரோடு இருப்பவர்களுக்கு முதலில் வேண்டியது சான்றுச் சீட்டு.

படிக்கும் பிள்ளைகளும் ஒன்று செய்யலாம். உங்கள் தெருவிலிருந்து கட்டுமான வேலைக்குப் போகிறவர்களை நல வாரியத்தில் பதிவு செய்ய உதவுங்கள். ஒப்பந்தக்காரரின் பெயர், வேலை செய்யும் இடம், சேர்ந்த தேதி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வீட்டில் வைக்கச் சொல்லுங்கள்.