பிள்ளையின் முகம் பற்றுச்சீட்டு அல்ல

முதலில் எங்கட பிழையைச் சொல்லிவிடுகிறோம். பிறகு ஊருக்குப் புத்திமதி சொல்லலாம்.

இரண்டு வருடங்களுக்கு முன்னர் எங்கள் பட்ச் காசு சேர்த்து, வன்னியில் ஒரு கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கொப்பியும் புத்தகப்பையும் கொண்டு போனது. பஸ் பிந்திவிட்டது. போய்ச் சேர நேரம் பன்னிரண்டு. வெள்ளைச் சட்டையோடு பிள்ளைகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்தினோம். பையின் ஒரு பக்கத்தைப் பிள்ளை பிடிக்க, மறுபக்கத்தை நாங்கள் பிடிக்க, ஆளுக்கு ஒரு படம். முகத்தைச் சுருக்கி நின்ற ஒரு சின்னப் பிள்ளையின் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, ‘ஏக்கம்’ என்று தலைப்புப் போட்டு முகநூலில் ஏற்றினோம். லைக் குவிந்தது. அந்தப் பிள்ளைக்கு ஒரு ஏக்கமும் இல்லை. உச்சி வெய்யில் கண்ணுக்குள் அடித்தது, அவ்வளவுதான்.

வெளியில் வைத்துப் பிள்ளைகளைப் படமெடுக்கும் எங்கள் வழக்கம் முழுவதும் இந்த ஒரு படத்துக்குள் இருக்கிறது. அது கெட்ட படம். கமரா கெட்டதால் அல்ல, பிள்ளையை மதிக்காததால்.

எப்படி என்று கேட்பீர்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நடுப்பகல் வெய்யில் தலைக்கு நேர் மேலே நிற்கும். கண்குழிக்குள் நிழல் விழும், பிள்ளை கண்ணைத் திறக்காது. காலை ஏழு மணியளவிலோ பின்னேரம் ஐந்து மணியளவிலோ போனால் வெளிச்சம் சாய்ந்து மென்மையாக விழும். பகலில்தான் எடுக்க வேணுமென்றால் விறாந்தை ஓரத்திலோ மரநிழலின் விளிம்பிலோ, முகம் வெளிப்பக்கம் பார்க்க நிற்கவிடுங்கள். இது பெரிய வித்தை இல்லை. பிள்ளையின் வசதிக்கு எங்கள் நேரத்தை மாற்ற வேணும், அதுதான் எங்களுக்குக் கஷ்டம்.

அடுத்தது வெள்ளைச் சீருடை. படத்தில் வெள்ளை கூடினால் கமரா தானாகவே வெளிச்சத்தைக் குறைக்கும். கறுத்த முகம் இன்னும் இருண்டு போகும். போனில் முகத்தின்மேல் விரலால் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டினால் போதும். நாங்கள் என்ன செய்கிறோம்? இருட்டாக எடுத்துவிட்டு, பிறகு ஃபில்டர் போட்டு முகத்தை வெள்ளையாக்குகிறோம். ஏழு வயதுப் பிள்ளையிடம் ‘உன்ர நிறம் சரியில்லை’ என்று சொல்வதற்கு இதைவிட வேறு வழி வேண்டாம்.

மூன்றாவது உயரம். நின்றபடி எடுத்தால் பிள்ளை அண்ணாந்து பார்க்கும். தலை பெருத்து, கால் சிறுத்து, கையேந்தி நிற்பதைப் போலத் தெரியும். முழங்காலைக் குத்தி இருங்கள். காற்சட்டை ஊத்தையாகட்டும். கமரா பிள்ளையின் கண் மட்டத்துக்கு வந்தால் அதே பிள்ளை எங்களுக்குச் சமமாக நின்று பார்க்கும். போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டு போகவும் வேண்டாம், மூக்கு வீங்கித் தெரியும். இரண்டு அடி பின்னுக்குப் போய் 2x-இல் எடுங்கள். ‘சிரி, சிரி’ என்று கத்தாமல் விளையாட விடுங்கள். ஓடுகிற பிள்ளைக்கு ஷட்டர் வேகம் 1/500 இருந்தால் படம் கலங்காது.

எல்லாத்துக்கும் முதல் ஒரு கேள்வி இருக்கிறது: “தம்பி, படம் எடுக்கட்டோ?” அவன் மாட்டன் என்றால் கமராவை மூடுங்கள். ஓம் என்றாலும் அம்மாவையோ அம்மம்மாவையோ கேளுங்கள். 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தில் இலங்கை 1991இல் இணைந்தது. பிள்ளையின் கருத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று அதன் 12ஆம் உறுப்புரையும், பிள்ளைக்கும் அந்தரங்கம் உண்டு என்று 16ஆம் உறுப்புரையும் சொல்கின்றன. சோதனைக்குப் பாடமாக்கினோம். கமராவைத் தூக்கியதும் மறந்துபோனோம்.

‘படம் போடாட்டி வெளிநாட்டில இருந்து காசு அனுப்பிறவை நம்ப மாட்டினம்’ என்று ஒரு நியாயம் சொல்லப்படுகிறது. நாங்களும் சொன்னோம். கடை பில்லைப் போடுங்கள். அடுக்கி வைத்த பைகளைப் படமெடுங்கள். அதிபரின் கையொப்பத்தோடு கடிதம் வாங்குங்கள். கணக்குக் காட்ட நூறு வழி இருக்க, பிள்ளையின் முகத்தை ஏன் பற்றுச்சீட்டாக்க வேண்டும்? நாளைக்கு அந்தப் பிள்ளை வகுப்பில் ‘பை வாங்கின ஆள்’ என்று பட்டம் கேட்கும்போது நாங்கள் அங்கே இருக்கப் போவதில்லை.

உலகம் கொண்டாடிய படங்களிலும் இந்தக் கதை இருக்கிறது. 1984இல் பெஷாவருக்கு அருகிலிருந்த அகதி முகாமில் ஸ்டீவ் மக்கரி எடுத்த ஆப்கான் சிறுமியின் படம், 1985 ஜூனில் நேஷனல் ஜியோகிராஃபிக் அட்டையில் வந்தது. ஷர்பத் குலா என்ற அவரின் பெயர் உலகுக்குத் தெரிய வந்தது 2002இல். தன்னுடைய படத்தை அவர் பார்த்ததும் அந்த வருடம்தான். அந்தப் படத்தின் வெளிச்சத்திலோ நிறத்திலோ எவரும் குறை சொல்ல முடியாது. அதனால்தான் சொல்கிறோம், வெளிச்சம் மட்டும் சரியாக இருந்தால் போதாது.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. எங்களில் ஒருத்தி 2009இல் செட்டிகுளம் முகாமில் இருந்த பிள்ளை. இடம்பெயர்ந்த வழியில் வீட்டு அல்பம் போய்விட்டது. அவளிடம் சின்ன வயதுப் படம் ஒன்றுகூட இல்லை. ஆனால் முகாமில் யாரோ ஒருவர் தன்னைக் கம்பி வேலிக்குப் பக்கத்தில் நிறுத்தி, சிரிக்க வேண்டாம் என்று சைகை காட்டி, படமெடுத்தது அவளுக்கு நினைவிருக்கிறது. “என்ர சின்ன வயசு ஆரோ ஒரு ஆளின்ர கொம்பியூட்டருக்குள்ள கிடக்கு” என்று எங்கள் ‘ஏக்கம்’ படத்தைப் பார்த்த அன்று சொன்னாள். அன்றைக்கே அந்தப் படத்தை அழித்தோம்.

அழித்ததால் கடன் தீரவில்லை. அந்த மைதானத்தில் ஒரு பிள்ளை, “அக்கா, எனக்கும் ஒண்டு தருவியளோ?” என்று கேட்டது. ஓம் என்றோம். கொடுக்கவில்லை. ஒரு படத்தை அச்சிட ஒரு பிளேன்ரீக் காசு போதும். அதைவிட மலிவாக நாங்கள் வாக்குக் கொடுத்திருக்கிறோம்.

ஒக்டோபர் முதலாம் திகதி சிறுவர் தினத்துக்குக் கமராவோடு கிளம்பும் நண்பர்களே, விடியக் கிளம்புங்கள், குந்தி இருந்து எடுங்கள், கேட்டு எடுங்கள். எடுத்த படத்தைச் சுவருக்கு அனுப்ப முதல் அந்த வீட்டுக்கு அனுப்புங்கள். நாங்களும் கடனைத் தீர்க்க அந்த ஊருக்குப் போகிறோம். இந்த முறை முதல் பஸ்ஸில்.