வேலை போனால் மாடும் போகும்

அகமதாபாத்தில் இருக்கும் நம்மவர்களுக்குக் காங்க்ரெஜ் மாட்டைத் தனியாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பெரிய வளைந்த கொம்போடு நடுரோட்டில் நின்று நம் ஸ்கூட்டரை நிறுத்துமே, அதேதான். அதற்குத் தாய்லாந்தில் தூரத்துச் சொந்தம் உண்டு தெரியுமோ?

காங்க்ரெஜ், கிர், ஓங்கோல் என்று இங்கிருந்து போன மாடுகளைக் கலந்து அமெரிக்காக்காரர்கள் உருவாக்கிய இனம் 'பிராமன்'. 1950களில் தாய்லாந்து அரசு அதை வரவழைத்து உள்ளூர் மாடுகளோடு கலக்க ஆரம்பித்தது. காரணம் எடை. தாய்லாந்தின் நாட்டுப் பசு 200, 250 கிலோதான் தேறும். வெயில் தாங்கும், உண்ணிக்கு அசராது, வைக்கோலைத் தின்றே வருஷம் ஒரு கன்று போடும். ஆனாலும் சந்தையில் தராசுதானே பேசும்? கலப்புக் கன்றுக்குக் கூடுதல் விலை. விவசாயியைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

அடுத்த அடி கை டிராக்டர். தாய்லாந்தில் அதற்குச் செல்லப்பெயரே 'இரும்பு எருமை'. உழவு வேலையும் போயிற்று.

அப்படியும் நாட்டு மாடு அங்கே பிழைத்துக் கிடக்கிறது. எப்படி? அவற்றை நான்கு வகையாகச் சொல்வார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை மிச்சம் இருந்தது.

தெற்கே சொங்க்லா, நக்கோன் சி தம்மராட் பக்கம் முட்டுக்காளை. மனிதர் யாரும் இறங்குவதில்லை, காளையும் காளையும் மோதும். மத்தியில் பெட்சபுரியில் 'வுவா லான்'. லான் என்றால் களம். நம்மூரில் பிணையல் கட்டிப் போரடிப்போமே, அதுபோல நடுக்கம்பத்தைச் சுற்றி மாடுகளை வரிசையாகக் கட்டி ஓட்டுவார்கள். போரடிப்பு நின்ற பிறகும் அதே சுற்று பந்தயமாக நிற்கிறது. வடக்கே லாம்பூனின் வெள்ளை மாடு. மே மாதம் பாங்காக் அரண்மனை அருகே நடக்கும் ஏர்பூட்டு விழாவில் அதைத்தான் பூட்டுகிறார்கள். 1936இல் நின்றுபோன அந்த விழா 1960இல் திரும்ப வந்தது. நெல், சோளம், பயறு, எள், புல், தண்ணீர், சாராயம் என்று ஏழையும் முன்னால் வைத்து, மாடு எதில் வாய் வைக்கிறதோ அதை வைத்து வருஷப் பலன் சொல்வார்கள்.

நான்காவது, வடகிழக்கே இசான் மாடு. அதற்குக் களமும் இல்லை, விழாவும் இல்லை. வயலுக்கு எரு, அவசரத்துக்கு விற்றால் காசு. குடியானவனின் உண்டியல். என்னைக் கேட்டால் நால்வரில் இதுதான் முக்கியம்.

ஏனென்றால் பந்தயம் நாலு காளையைத்தான் காப்பாற்றும். ஜெயித்த காளையின் வாரிசுக்கு மவுசு, தோற்றதற்குக் கசாப்பு. போதாக்குறைக்குச் சூதாட்டம் வேறு. விழாவுக்கோ வருஷத்துக்கு ஒரு ஜோடி போதும். ஒரு இனம் நிலைக்க ஆயிரக்கணக்கான சாதாரண வீடுகளில் சாதாரணப் பசுக்கள் கட்டிக்கிடக்க வேண்டும். அதற்குப் பெருமை போதாது, பிரயோஜனம் வேண்டும்.

இதைச் சொன்னால் சிலர் கோபிப்பார்கள், பரவாயில்லை. 2017இல் ஜல்லிக்கட்டுக்காகக் குரல் கொடுத்தோம், 2023இல் உச்ச நீதிமன்றமும் தமிழ்நாட்டுச் சட்டத்தை ஏற்றது. நல்லது. வாடிவாசலில் காளைக்கு வேலை கிடைத்தது. அதைப் பெற்ற பசுவுக்கு? பொங்கலன்று காங்கேயம் படத்தை நாலு பேருக்கு அனுப்பினால் அதன் தொட்டியில் ஒரு பிடி தவிடு விழாது.

ஊரில் வயலோ தோப்போ குத்தகைக்கு விட்டிருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். அடுத்த முறை குத்தகைக்காரரிடம் பேசும்போது, உர மூட்டைக்குப் போகிற காசில் கொஞ்சத்தை எடுத்து, பக்கத்தில் நாட்டு மாடு வைத்திருப்பவரிடம் எரு வாங்கச் சொல்லுங்கள். சின்ன விஷயம்தான். ஆனால் அந்தப் பசுவைச் சந்தைக்கு ஓட்டாமல் இன்னொரு வருஷம் கட்டிவைக்க அவருக்கு ஒரு காரணம் கிடைக்கும்.