வழங்கப்பட்டதா, திருப்பித் தரப்பட்டதா?

மனித உரிமை பிறப்போடு வருவதா, சமுதாயம் கொடுப்பதா? பல்கலைக்கழக மெய்யியல் வகுப்பில் இது எனக்கு வெறும் பரீட்சை வினாவாகவே இருந்தது. நமது மலையகத்தின் வரலாற்றை வாசித்த பின்னர் அப்படி இருக்கவில்லை.

1947 பொதுத்தேர்தலில் தோட்டத் தொழிலாளர் வாக்களித்தார்கள். இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. அடுத்த ஆண்டு நவம்பர் 15 இல் நடைமுறைக்கு வந்த பிரசாவுரிமைச் சட்டம் ஏறத்தாழ 7 இலட்சம் பேரை நாடற்றவர்களாக்கிற்று. 1949 இல் வாக்குரிமையும் போயிற்று. இதிலே ஒரு வேடிக்கை உண்டு. அந்த நவம்பர் 15 கழிந்து 25 நாட்களில், பாரிஸில் கூடிய ஐக்கிய நாடுகள் பொதுச்சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டின் பிரசையாயிருக்கும் உரிமை உண்டு என்கிறது அதன் 15 ஆம் உறுப்புரை. நாமோ 1955 வரை அச்சபையின் உறுப்பினர் அல்லர்.

உரிமை என்பது சமுதாயம் கொடுப்பதே என்போருக்கு இதைவிடச் சிறந்த சான்று தேவையில்லை. சட்டம் கொடுத்தது, சட்டம் எடுத்தது. 1953 இல் இலண்டன் கோமறைக் கழகமும் அச்சட்டம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. நாடற்றவராக வாழ்ந்த ஹன்னா ஆரெண்டும், நாட்டை இழந்தவனுக்கு மனிதன் என்ற தகுதி மட்டும் எந்தப் பாதுகாப்பையும் தருவதில்லை என்றே கண்டார்.

நடந்ததைப் பொறுத்தவரை இது உண்மை. ஆனால் உரிமை சமுதாயத்தின் கொடை மட்டுமே என்றால், 1948 இல் பறிபோனது என்று எதைச் சொல்வது? கொடுத்தவன் எடுத்துக்கொண்டான் என்பதோடு கதை முடிந்துவிடும். அநீதி என்ற சொல்லுக்கே அங்கே இடமில்லை. அதனால்தான் உரிமை பிறப்போடு வருவது என்ற பக்கத்தில் நான் நிற்கிறேன். சட்டம் அதற்கு வேலி போடலாம். வேலி போட்டவன் நிலத்துக்குச் சொந்தக்காரன் ஆவதில்லை.

கொடை என்ற எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 1964 ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் இருக்கிறது. இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று இரு பிரதமர்கள் உடன்பட்டார்கள். தேயிலைப் பெட்டிகளைக்கூட வாங்குபவர் ருசி பார்த்துத்தான் பங்கிடுவார்கள்.

எஞ்சியிருந்தோருக்கான சட்டம் 2003 இல் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. வரவேற்கத்தக்க சட்டந்தான். இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை ‘வழங்கும்’ சட்டம் என்பது அதன் பெயர். ‘திருப்பித் தரும்’ என்று எழுத, 55 ஆண்டுகள் கழிந்த பின்னரும், மனம் வரவில்லை.