பக்கத்தில் இருக்க ஒருத்தி



2009ஆம் ஆண்டுக்குப் பின் புனர்வாழ்வு முடித்து வீடு திரும்பிய பெண்கள் சிலரை வன்னி ஆலயங்களில் காண்கிறேன். கடைசி வாங்கில் இருப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஒருவரோடும் கதைக்காமல் போய்விடுவார்கள். அவர்களோடு பழகினால் நம்மையும் விசாரிப்பார்களோ என்று ஊராருக்குப் பயம்.

ஆதித் திருச்சபையிலும் இப்படியொரு பயம் இருந்தது. விசுவாசிகளைச் சிறைப்பிடித்த சவுல் மனம்மாறி எருசலேமுக்கு வந்தபோது சீடர்கள் அவரை நம்பவில்லை. பர்னபாதான் அவரை அப்போஸ்தலரிடம் அழைத்துப்போய், அவருக்காகப் பேசினார் (அப்போஸ்தலர் 9). சவுலைப் போல இப்பெண்கள் பிறரைத் துன்புறுத்தினார்கள் என்று நான் சொல்லவில்லை. கட்டாயத்தின் பேரில் கொண்டுபோகப்பட்டவர்களும் இவர்களில் உண்டு. ஒதுக்கப்படும் வேதனைதான் ஒன்று.

‘கவலைப்படாதே, கர்த்தர் பார்த்துக்கொள்வார்’ என்று சொல்லிவிட்டு நடப்பது உற்சாகப்படுத்துவதாகாது. பர்னபா தமக்கிருந்த நற்பெயரையே சவுலுக்குப் பிணையாக வைத்தார். பின்பு தர்சு பட்டணம்வரை தேடிப்போய், அவரை அந்தியோகியாவுக்கு அழைத்துவந்து ஊழியத்தில் சேர்த்துக்கொண்டார்.

வருகிற ஞாயிறு அந்தச் சகோதரியின் பக்கத்தில் போய் இருங்கள். மாதர் சங்கக் கூட்டத்துக்கு வீட்டுக்கே போய்க் கூப்பிடுங்கள். சீட்டுக்கு அவள் பெயரைச் சேர்க்க மற்றவர்கள் தயங்கினால், “அவளுக்கு நான் பொறுப்பு” என்று சொல்லுங்கள்.